பல்லுக்குக் காப்பீடு வேண்டுமா?



பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆண்டிறுதித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு தேர்வுக் கூடத்திற்கு வந்தான். கணக்கில் கெட்டிக்காரன். அன்று இரண்டு கணக்குகளை மட்டும் போட்டுவிட்டு, விடைத்தாளின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். கடைவாய்ப் பல்லில் சொத்தை. ஓராண்டாகவே வலி விட்டுவிட்டு வந்ததாம். கிராம்பை வைத்து அடக்கி வந்திருக்கிறார்கள். மாலையில் அவன் தந்தையாரைக் கண்டு, "முன்னமே மருத்துவரிடம் காட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "பல்லுத்தானே ஐயா, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். டவுனுக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுமே" என்று அவர் மறுமொழி கூறினார்.

அந்த மறுமொழியைப் பின்னாளில் நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அதில் மூன்று தடைகள் அடங்கியிருக்கின்றன. பல்நோயை அற்பமென்று கருதுவது ஒன்று. மருத்துவர் இருக்கும் இடத்தின் தொலைவு மற்றொன்று. போய்வருவதால் இழக்கும் கூலி இன்னொன்று. மருத்துவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதுவரை சென்று எண்ணிப் பார்க்கும் நிலையிலேயே அவர் இல்லை.

இன்று நம் நாட்டிலும் பல் காப்பீடு என்னும் சொல் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கட்டிவந்தால் பல் மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் என்கிறார்கள். அது பயனுடையதுதானா? இக்கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதே இன்றைய என் பேச்சின் பொருளாகும்.

முதலில் காப்பீட்டின் தத்துவத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓர் ஊரில் ஆயிரம் வீடுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு வீடு தீக்கிரையாகலாம். எந்த வீடு என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே ஆயிரம் பேரும் சிறு தொகை செலுத்துகின்றனர். வீட்டை இழந்தவருக்கு அந்த நிதி உதவுகிறது. இழப்பு பெரிதாக இருக்க வேண்டும். அரிதாக நேர வேண்டும். யாருக்கு நேரும் என்பது முன்னறிய முடியாததாக இருக்க வேண்டும். இவை மூன்றும் பொருந்திய இடத்தில்தான் காப்பீடு செவ்வனே இயங்கும்.

பல்நோயின் இயல்போ வேறு. சொத்தை அரிதாக நேர்வதன்று. மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதற்கு ஆளாகின்றனர். அது தீயைப்போல் ஓரிரவில் வருவதுமன்று. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்கிறது. நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப் பொருளையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன; அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. தொடக்கத்தில் கண்டால் சிறு அடைப்போடு போகும். விட்டுவிட்டால் வேர்வரை சென்று சீழ் பிடிக்கும். அன்றியும், வலி பொறுக்கக் கூடியதாக இருக்கும்வரை மருத்துவத்தைத் தள்ளிப்போடவும் முடிகிறது. எல்லார்க்கும் வரக்கூடிய, முன்னறியத்தக்க, தள்ளிப்போடக்கூடிய ஒரு செலவுக்குக் காப்பீடு எவ்வாறு பொருந்தும்? உலக நாடுகள் சில இக்கேள்வியோடு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வந்திருக்கின்றன.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற போயர் யுத்தத்தின்போது, படையில் சேர வந்த இளைஞர் பலர் பற்கள் கெட்டிருந்த காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டனர். படையினருக்குத் தரப்பட்ட கடினமான பிஸ்கோத்தை மெல்ல முடியாத சிப்பாய்களும் இருந்தனர். உலகின் பெரும்பகுதியை ஆண்ட ஒரு நாடு, தன் ஏழை மக்களின் வாயைப் பார்த்து வெட்கமுற்றது. 1907-இல் கேம்பிரிட்ஜ் நகரில் பள்ளிச் சிறுவர்களுக்கென்று பல் மருத்துவ நிலையம் ஒன்று தோன்றியது. பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டுமென்ற சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது.

1911-இல் லாயிட் ஜார்ஜ் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொணர்ந்தார். தொழிலாளி வாரம் 4 பென்னி, முதலாளி 3 பென்னி, அரசு 2 பென்னி என்ற கணக்கில் நிதி சேர்ந்தது. நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவமும் உதவித்தொகையும் கிடைத்தன. ஆயினும் அத்திட்டத்தில் இரு குறைகள் இருந்தன. தொழிலாளியின் மனைவிக்கும் மக்களுக்கும் அதில் மருத்துவம் இல்லை. பல் மருத்துவமோ எவர்க்கும் உறுதி செய்யப்படவில்லை. திட்டத்தை நடத்திய சங்கங்களில் நிதி மிஞ்சினால் மட்டுமே, பல் செலவில் ஒரு பகுதியை அவை ஏற்றுக்கொண்டன. செழிப்பான சங்கத்தின் உறுப்பினர்க்குப் பல் உண்டு. நலிந்த சங்கத்தின் உறுப்பினர்க்கு இல்லை. உண்டு என்றவர்களும் மீதிப் பணத்தைத் தாமே கட்ட வேண்டியிருந்தமையால் பெரும்பாலோர் அணுகவேயில்லை. பல் கெட்டால் பிடுங்கிவிடுவதே ஏழை மக்களின் வழக்கமாக நீடித்தது. திருமணத்திற்கு முன்னரே பெண்ணின் பற்கள் முழுவதையும் பிடுங்கிப் பொய்ப்பல் வரிசை கட்டிவிடும் பழக்கம்கூட அந்நாட்டின் சில பகுதிகளில் இருந்தது. பின்னால் கணவனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம்! அச்சத்தின் காரணமாக நல்ல பற்களையும் இழந்த அந்தப் பெண்களை எண்ணினால் நமக்கு நெஞ்சம் கனக்கிறது.

1948 ஜூலை 5-ஆம் நாள் பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. அதன் சிற்பி, சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அனூரின் பெவன் என்னும் அமைச்சர். பெரும்பாலும் வரிப்பணத்தைக் கொண்டு, நாட்டு மக்கள் அனைவருக்கும் கட்டணமின்றி மருத்துவம் என்பது அதன் அடிப்படை. பல் மருத்துவமும் அதில் அடங்கியது. அதன் பின் நிகழ்ந்ததை எவரும் முழுமையாக எதிர்பார்க்கவில்லை. பல் மருத்துவர்களின் வாயில்களில் மக்கள் வெள்ளம் திரண்டது. ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்த வலிகள் எல்லாம் ஒரே காலத்தில் கதவைத் தட்டின. பல்லைப் பிடுங்குவதும் பொய்ப்பல் வரிசை கட்டுவதுமே மருத்துவர்களின் பெரும் பணியாயின. மதிப்பிட்டதை விடச் செலவு பன்மடங்கு பெருகியது.

இங்கே ஒரு முரண்பாட்டை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்த ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஊதியம் கிடைத்ததால், பள்ளிச் சிறுவர்களைப் பார்த்துவந்த மருத்துவர் பலர் அப்பணியை விட்டு வெளியே வந்துவிட்டனர். பாட்டனாருக்குப் பொய்ப்பல் கிடைத்தது. பேரனின் சொத்தையைப் பார்க்க ஆளில்லை. நோக்கம் உயர்ந்ததாயினும், பணம் எந்த வேலைக்குத் தரப்படுகிறதோ அந்த வேலைதான் நடைபெறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாண்டுகளுக்குள் நெருக்கடி முற்றியது. கொரிய யுத்தத்தை ஒட்டிப் படைச் செலவு உயர்ந்தபோது, நிதியமைச்சர் ஹ்யூ கெயிட்ஸ்கெல் 1951 ஏப்ரலில் தம் வரவு செலவுத் திட்டத்தில் பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் மக்கள் பாதிச் செலவைக் கட்ட வேண்டும் என்று அறிவித்தார். இலவசம் என்ற கொள்கையில் விழுந்த முதல் கீறல் இது என்று பெவன் பதவியைத் துறந்தார். பின்னாளில் பிரதமராக வந்த ஹெரால்டு வில்சனும் அவருடன் விலகினார். 1952-இல் பல் மருத்துவத்திற்கு ஒரு பவுண்டு வரை கட்டணம் வந்தது. இளைஞர்களுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஓர் அமைச்சரவை பல்வரிசையின் பொருட்டுப் பிளவுபட்டது என்றால் சிலர்க்கு நகைப்பு வரலாம். ஆனால் அங்கே வழக்கிடப்பட்டது பெரிய கேள்வி: பல் என்பது உடலின் உறுப்பா, அல்லது வசதியுள்ளவர் பேணிக்கொள்ளும் அணிகலனா?

1968-ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தோருள் நூற்றுக்கு 37 பேர் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லாதவர்களாகக் காணப்பட்டனர். 2009-இல் அத்தொகை நூற்றுக்கு 6 ஆகக் குறைந்தது. இந்த மாற்றத்திற்கு மருத்துவமனை மட்டும் காரணமன்று. 1970-களில் பரவிய ஃபுளோரைடு கலந்த பற்பசைக்கும், பல்லைப் பிடுங்குவதை விடக் காப்பதே மேல் என்று மக்கள் கொண்ட மனமாற்றத்திற்கும் இதில் பெரும் பங்குண்டு. அடைத்த பல்லை விட அடைக்கத் தேவையில்லாத பல்லே சிறந்தது என்பதைப் புள்ளிவிவரமே நமக்குக் கற்பிக்கிறது.

அடுத்து நியூசிலாந்துக்குச் செல்வோம். அங்கும் முதல் உலக யுத்தத்தில் படைவீரர்களின் கெட்ட பற்களே ஆட்சியாளரை விழிக்கச் செய்தன. படையின் பல் மருத்துவப் பிரிவில் பணியாற்றிய தாமஸ் ஹண்டர் என்பவர் ஒரு புதுவழி கண்டார். பல் மருத்துவர்கள் சிலரே. பள்ளிப் பிள்ளைகளோ மிகப் பலர். ஆகவே இளம் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளித்து, சிறுவர்களின் பல்லைச் சோதிக்கவும் அடைக்கவும் கற்பித்து, பள்ளிகளுக்கே அனுப்பிவிட்டால் என்ன என்று எண்ணினார். 1921-இல் வெல்லிங்டன் நகரில் அப்பயிற்சி தொடங்கியது. பல் மருத்துவர்கள் சிலர் எதிர்த்தனர். ஆயினும் திட்டம் வேரூன்றிவிட்டது. பள்ளி வளாகத்திலேயே சிறு அறை. அதில் பல் செவிலி. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசோதனை. காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவியின் ஒலிக்கு அஞ்சிய பிள்ளைகள் அவ்வறைக்குக் 'கொலை வீடு' என்று பெயரிட்டார்கள்! வேண்டாத பல்லையும் அடைத்தார்கள் என்ற குறையும் பிற்காலத்தில் எழுந்தது. எனினும் அங்கே தந்தை கூலியை இழக்கவில்லை, தாய் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை, கட்டணமும் இல்லை. என் மாணவனின் தந்தையார் சொன்ன தடைகள் அனைத்தும் அந்தச் சிறு அறையில் நீங்கிவிட்டன. இன்றும் அந்நாட்டில் 18 வயது நிறையும்வரை அடிப்படைப் பல் மருத்துவத்திற்குக் கட்டணம் இல்லை. அதன்பின் பெரும்பாலோர் சொந்தச் செலவில்தான் பார்த்துக்கொள்கின்றனர். இம்முறையைப் பின்பற்றி 1949-இல் மலாயாவின் பினாங்கிலும், 1950-களில் இலங்கையின் மகரகமவிலும் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். பல் காப்பீடு என்று இன்று நாம் கூறுவது உருப்பெற்ற இடம் அதுவே. 1954-இல் பசிபிக் கரையிலுள்ள துறைமுகத் தொழிலாளரின் சங்கம், தன் நலநிதியில் ஒரு பகுதியைத் தொழிலாளர் பிள்ளைகளின் பல்லுக்குச் செலவிட முன்வந்தது. வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களின் பல் மருத்துவர் சங்கங்கள் அதற்கெனத் தனி அமைப்புகளை நிறுவின. மூட்டை தூக்கும் கைகள் தமக்கென்று கேளாமல் பிள்ளைகளுக்கென்று கேட்டன என்பது என் உள்ளத்தைத் தொடும் செய்தி. அது அறிவுடைய தேர்வும் ஆகும். செலவழிக்கும் ஒரு டாலர் மிகுந்த பயன் தருவது இளம் வயதில்தான்.

அவ்விதையிலிருந்து பெரிய மரம் வளர்ந்தது. ஆனால் அதன் நிழல் எல்லார் மீதும் விழவில்லை. 1965-இல் முதியோருக்காக அமெரிக்க அரசு கொணர்ந்த மெடிகேர் திட்டத்தில் வழக்கமான பல் மருத்துவம் விலக்கப்பட்டது. ஆகவே, வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது பலர் பல் காப்பீட்டையும் இழக்கின்றனர். தனியார் காப்பீட்டின் பொதுவான அமைப்பு இதுவாகும்: பரிசோதனைக்கும் சுத்தம் செய்வதற்கும் முழுச் செலவு, அடைப்புக்கு நூற்றுக்கு 80, பெரிய வேலைக்கு நூற்றுக்கு 50. அதற்கும் ஆண்டுக்கு ஆயிரம் அல்லது இரண்டாயிரம் டாலர் என ஓர் உச்சவரம்பு உண்டு. வீட்டுக் காப்பீட்டில் இழப்பு பெரிதாகும்போது உதவி பெருகும். இங்கோ இழப்பு பெரிதாகும்போது உதவி நின்றுவிடுகிறது. ஆகவே இதைக் காப்பீடு என்பதை விட, முன்பணம் கட்டிப் பெறும் சேவை என்பதே பொருந்தும்.

2007-ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் நடந்ததைக் கூறாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் பல்லில் பிடித்த சீழ் மூளைக்குப் பரவியது. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி அக்குடும்பத்திற்கு இடையில் அறுந்துபோயிருந்தது. அவ்வுதவியை ஏற்கும் பல் மருத்துவர்களும் மிகச் சிலரே. 80 டாலர் செலவில் பிடுங்கியிருக்கக்கூடிய பல்லுக்காக, இரண்டு மூளை அறுவை மருத்துவமும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர் மருத்துவமனைச் செலவும் ஆயின. அவன் பிழைக்கவில்லை. உலகின் மிகச் செல்வமுள்ள நாட்டின் தலைநகருக்கு அருகில் இது நடந்தது. அந்நிகழ்ச்சிக்குப் பின் மேரிலாந்து தன் திட்டத்தைச் சீர்திருத்தியது. குறைந்த வருவாயுடைய குடும்பங்களின் பிள்ளைகளுக்கான காப்பீட்டில் பல் மருத்துவத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2009-இல் நிறைவேறியது. காகிதத்தில் உள்ள உரிமை வேறு, கதவைத் திறக்கும் மருத்துவர் வேறு என்ற உண்மையை ஓர் உயிரின் விலை கொடுத்துத்தான் அந்நாடு கற்றது.

ஜெர்மனியில் ஒரு நல்ல ஏற்பாட்டைக் காண்கிறோம். 1883-இல் பிஸ்மார்க் தொடங்கிய தொழிலாளர் நோய்க் காப்பீட்டின் வழிவந்த அந்நாட்டுப் பொதுக் காப்பீட்டில், 1989 முதல் ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு புத்தகம் தரப்பட்டு வந்தது. ஆண்டுதோறும் பல்லைப் பரிசோதித்துக்கொண்டதற்கு அதில் முத்திரை இடுவார்கள். பல் கட்ட நேர்ந்தால், வழக்கமான சிகிச்சைக்கு நிர்ணயித்த செலவில் நூற்றுக்கு 60 பங்கைக் காப்பீடு தரும். ஐந்தாண்டு தவறாது பரிசோதித்தவர்க்கு அது 70 ஆகும். பத்தாண்டு தவறாதவர்க்கு 75 ஆகும். நோய் வந்தபின் பணம் தருவதோடு நில்லாமல், வராமல் காத்துக்கொண்டவனுக்குப் பரிசும் தரும் காப்பீடு இது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் பிறந்தது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் தோன்றியது. அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவும், பல் மருத்துவக் கல்லூரிகளும் குறைந்த செலவில் மருத்துவம் பெறும் வாயில்கள். 2013-இல் மைய அரசு தொடங்கிய சிறார் உடல்நலத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டிய குறைகளுள் பல்நோயும் ஒன்று. சாதாரண மருத்துவக் காப்பீடுகளிற் பெரும்பாலானவை, விபத்தால் நேர்ந்தாலன்றிப் பல் செலவை ஏற்பதில்லை.

இந்நிலையில் ஒரு குடும்பம் பல் காப்பீடு எடுக்கலாமா? கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்ட வேண்டும். பெரிய வேலைக்குப் பாதிச் செலவு, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல் கிடைக்கும். முதலாண்டில் எதுவும் கிடைக்காது என்று ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டில் 10,000 ரூபாய் செலவு வந்தால், 6,000 கட்டி 5,000 பெறுவோம். அதே 3,000 ரூபாயை ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு, ஆண்டுக்கிருமுறை வீட்டார் அனைவரின் பல்லையும் காட்டிவருவது மேலன்றோ? மாறாக, வேலை கொடுப்பவர் தொகையைக் கட்டுகிறார், பரிசோதனை இலவசம், பிள்ளைகளும் அடங்குவர், ஏற்கும் மருத்துவர் அருகில் உள்ளார் என்றால் அத்திட்டத்தை விடக் கூடாது. நான்கு கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு கட்டுகிறோம்? உச்சவரம்பு எவ்வளவு? எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? நம் ஊரில் எந்த மருத்துவர் இதை ஏற்பார்? இவற்றிற்கு விடை கிடைத்தால் முடிவும் கிடைத்துவிடும்.

நாட்டளவில் வரலாறு கூறும் விடை இதனினும் தெளிவானது. பொது நிதி என்பது நல்லதே. ஆனால் அது பல் விழுந்தபின் பொய்ப்பல் கட்டுவதற்குச் சென்றால் எந்நிதியும் போதாது. முளைத்த பல்லைக் காப்பதற்கும், சிறுவர்களுக்கும், அவர்கள் இருக்கும் இடத்திற்கே செல்லும் மருத்துவத்திற்கும் செலவிட்டால் சிறு நிதியும் பெரும் பயன் தரும்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவனை மறுநாள் நானே டவுனுக்கு அழைத்துச் சென்றேன். பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கினார்கள். மருத்துவர் என்னைப் பார்த்து, "மூன்றாண்டுக்கு முன் வந்திருந்தால் கால்மணி நேர வேலை" என்றார். மூன்றாண்டுக்கு முன்னரும் அவன் என் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தான். நாள்தோறும் காலை வழிபாட்டில் என் எதிரே நின்று பாடினான். அவனுடைய நகத்தையும் சட்டையையும் பார்த்தோம். வாயைத் திறக்கச் சொல்லி ஒருநாளும் பார்த்தோமில்லை. அவன் தந்தையார் சொன்ன குறைகளோடு, நான் செய்த அக்குறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்களுள் நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் பெற்றோராகவும் ஆகப்போகிறவர்கள் அதைச் செய்யாதிருப்பீர்களாக.